சுடுகாட்டு ரோடு மாப்பிள்ளை

அக்காவிடமிருந்து காலை ஆறரை மணிக்கு போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, உறவில் யாராவது போய்ச் சேர்ந்திருப்பார்கள். அல்லது அவள் பையனுக்குப் பார்த்த பெண் வீட்டில் ஏதாவது சொல்லியிருப்பார்கள். போன வருஷம் ஒரு நாள் வந்த போனில் இரண்டும் கலந்திருந்தது.

"திருச்சிக்காரங்க வேண்டாம்னுட்டாங்கடா."

"ஏன், ஜாதகம் சரியில்லையாமா?"

"ஜாதகம் ஒன்பது பொருத்தம். மேப்புதான் பொருந்தலையாம்!"

விஷயம் இதுதான். அக்கா வீடு சென்னையின் தென்கோடிப் புறநகர் ஒன்றில் இருக்கிறது. பெண்ணின் சித்தப்பா, மாப்பிள்ளை வீடு எப்படிப்பட்ட இடம் என்று பார்க்க செல்போனில் மேப்பைத் திறந்திருக்கிறார். வீடு தெரிந்தது. மாடியில் காயப்போட்ட வேட்டிகூடத் தெரிந்தது. கூடவே தெருவின் பெயரும், கொட்டை எழுத்தில், இங்கிலீஷில்: 'பரியல் கிரவுண்ட் ரோடு'.

சித்தப்பா மொழிபெயர்த்துச் சொல்ல, பெண்ணின் பாட்டி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாராம்.

இத்தனைக்கும் அந்தச் சுடுகாடு இப்போது இல்லை. அங்கே மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும், தொப்பையைக் குறைக்க எட்டு போட்டு நடக்கும் ஒரு பூங்காவும் இருக்கின்றன. தெருவுக்கும் பத்து வருஷம் முன்பே 'ஔவையார் தெரு' என்று பெயர் மாற்றி, பலகையும் நட்டுவிட்டார்கள். ரேஷன் கார்டில் ஔவையார். கேஸ் புத்தகத்தில் ஔவையார். மேப்பில் மட்டும் மயானம்.

பையன் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். உலகத்தில் உள்ள தப்பையெல்லாம் திருத்தித்தான் அவனுக்குச் சம்பளம். இந்த ஒரு தப்பைத் திருத்தச் சொல்லி நாலு தடவை மனு போட்டிருக்கிறான். நாலு தடவையும் ஒரே பதில்: 'தங்கள் திருத்தத்தை எங்களால் உறுதி செய்ய இயலவில்லை.'

"மாமா, நான் அந்தத் தெருவிலயே பொறந்தவன். இதைவிட என்ன உறுதி வேணும்?" என்றான். நியாயமான கேள்வி. மேப்புக்குப் பெயர் சொல்லிக்கொடுப்பவர் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

★

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். இடத்தின் பெயரைக் கொலை செய்வது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த கலை இல்லை. நம் சென்னைக்கு அதில் ரொம்ப நாள் அனுபவம் உண்டு.

பக்கிங்ஹாம் கால்வாய் மேல் ஒரு பாலம். ஹாமில்டன் என்ற வெள்ளைக்காரர் பெயரை வைத்தார்களாம். நம் ஜனங்கள் வாயில் ஹாமில்டன் நுழையவில்லை. 'அம்பட்டன்' ஆகிவிட்டது. அப்புறம் வந்த ஒரு துரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். அதுதான் ஆபத்து. 'ஓஹோ, அம்பட்டனா!' என்று மறுபடி இங்கிலீஷுக்குக் கொண்டுபோய் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்று எழுதிவிட்டார். சென்னையில் பரம்பரையாகச் சொல்லிவரும் கதை இது. ஹாமில்டன் என்ன வேலை பார்த்தாரோ, கடைசியில் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது அம்பேத்கர் பாலம்.

திருவல்லிக்கேணி, 'ட்ரிப்ளிகேன்' ஆனது இதே வகையறா. குரோம்பேட்டை இன்னொரு வகை. குரோம் லெதர் கம்பெனி இருந்ததால் வந்த பெயர். ஜெமினி இருக்கிறதே, அது மூன்றாவது வகை. 1973-ல் திறந்த மேம்பாலத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். பக்கத்தில் இருந்த ஜெமினி ஸ்டூடியோ போயே போய்விட்டது. ஆனாலும் பஸ்ஸில் "ஜெமினி ஒண்ணு" என்றால்தான் கண்டக்டர் நிமிர்ந்து பார்ப்பார்.

அரசாங்கமே முயன்று தோற்ற கதையும் உண்டு. 2020 ஜூனில், தமிழ்நாட்டின் 1018 ஊர்ப் பெயர்களை, தமிழில் சொல்வதுபோலவே இங்கிலீஷிலும் எழுதவேண்டும் என்று ஒரு அரசாணை வந்தது. நல்ல எண்ணம்தான். எக்மோர் எழும்பூராகவும் ட்யூட்டிகோரின் தூத்துக்குடியாகவும் ஆனால் யாருக்குக் கசக்கும்? ஆனால் வேலூருக்குப் போட்ட ஸ்பெல்லிங்கில் இரண்டு 'ஈ' விழுந்து, படித்தால் 'வீலூர்' என்று வந்தது. ஊரே வீல் என்று கத்த, சில நாட்களில் ஆணை வாபஸ்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் காலத்துத் தப்புக்கு ஊர்க்காரன் வாய் காரணம். தப்போ சரியோ, அங்கேயே புழங்கி, தேய்ந்து, வழவழப்பான பெயர். இப்போது வரும் தப்பு அப்படி இல்லை. ஊர்ப்பக்கமே தலைகாட்டாதவன் செய்வது.

★

இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் 'ஆர்கில்டன்' என்று ஒரு ஊர் கூகுள் மேப்பில் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் வெறும் வயல். 2008-ல் இதை ஒருவர் கவனித்தார். வேடிக்கை என்னவென்றால், மேப் விவரத்தை வைத்துப் பிழைக்கும் மற்ற வலைத்தளங்கள் அந்த இல்லாத ஊரில் வேலை காலி, வீடு விற்பனை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தன. 2010-ல் ஊரை மேப்பிலிருந்து எடுத்தார்கள். ஒரு ஊரையே காலி செய்தும் ஒரு மூட்டை முடிச்சுகூட வெளியே வரவில்லை.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் 'ஃபிஸ்க்ஹார்ன்' என்று ஒரு பேட்டை. கூகுள் அதை 'ஃபிஷ்கார்ன்' ஆக்கிவிட்டது. மீனும் சோளமும். எங்கிருந்து வந்தது என்று நகரத் திட்ட அலுவலர் ஒருவர் துருவிப் பார்த்தார். 2002 வாக்கில் உள்ளூர்க்காரர்கள் சிலர் ஆசையாக ஒரு மேப் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது. அதே தப்பு, எல்லைக்கோடு உட்பட, அப்படியே கூகுளுக்குப் போயிருந்தது. பரீட்சையில் முன் பெஞ்சுக்காரனைப் பார்த்து எழுதும்போது அவன் பெயரையும் சேர்த்து எழுதின கதை.

லாஸ் ஏஞ்சலஸில் இன்னும் சுகம். வீட்டுக்காரர் ஒருவர் வாடகை விளம்பரத்தில் பாதி தமாஷாகத் தன் மேட்டுக்கு 'சில்வர் லேக் ஹைட்ஸ்' என்று போட்டார். கொஞ்ச நாளில் அது மேப்பில் ஏறிவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வட்டார அமைப்பு 2017-ல் தங்கள் பகுதிக்கு 'தி ஈஸ்ட் கட்' என்று நாமகரணம் செய்தது. ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். 2018-ல் கூகுள் மேப்பில் வந்தது. அப்புறம் டெலிவரிப் பையன், வாடகை விளம்பரம் என்று எல்லாரும் அதையே சொல்ல, சிரித்தவர்களும் அட்ரஸில் அதை எழுதவேண்டியதாயிற்று.

பெயர்கள் எப்படி ஏறுகின்றன? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நகராட்சி தரும் பட்டியல், விவரம் விற்கும் கம்பெனிகளிடம் விலைக்கு வாங்கியது, வானத்திலிருந்து எடுத்த படம், தெருத்தெருவாகக் கார் ஓட்டி எடுத்த படம், கடைசியாக நம்மைப்போன்ற ஆட்கள் அனுப்பும் திருத்தம். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டுகிறார்கள். ஒரே பெயர் இரண்டு மூன்று இடத்தில் தென்பட்டால் உண்மையாகத்தான் இருக்கும் என்று மிஷின் நம்பிவிடுகிறது. அந்த மூன்று இடமும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடித்ததாக இருந்தால் போச்சு. நம் ஔவையாருக்கு நேர்ந்த கதியும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கவேண்டும். பழைய பட்டியல்கள் எல்லாம் ஒரே குரலில் 'மயானம்' என்கின்றன. பையன் ஒருத்தன் மட்டும் எதிர்க்கட்சி.

சரி, ஜனங்களையே எழுதவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். 2008-ல் கூகுள் 'மேப் மேக்கர்' என்று ஒன்றை ஆரம்பித்தது. நம் நாட்டுப் பொறியாளர்கள் உருவாக்கியது. யார் வேண்டுமானாலும் தெரு வரையலாம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2015 ஏப்ரலில் ஒரு மகானுபாவர் ராவல்பிண்டி பக்கத்தில், ஆண்ட்ராய்டு பொம்மை ஆப்பிள் கம்பெனி சின்னத்தின் மேல் ஒன்றுக்குப் போவதுபோல் வரைந்துவைத்தார். உலகமே பார்த்துச் சிரித்தது. கொஞ்ச நாள் கதவைச் சாத்தி, அப்புறம் திறந்து, 2017-ல் மொத்தமாக மூடிவிட்டார்கள். ஒரு ஆள் சுவரை அசிங்கம் செய்தால் தெருவுக்கே தண்டனை என்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

★

இதுவரை சிரித்தாயிற்று. இனி சிரிக்க முடியாத ஒன்று.

நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்று ஒரு நகரம். அதில் 'ஃப்ரூட் பெல்ட்' என்று ஒரு பழைய பேட்டை. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் அந்தக் காலத்தில் பழத்தோட்டம் போட்ட இடம். தெருக்களுக்குத் திராட்சை, பீச், செர்ரி, எலுமிச்சை என்றே பெயர். பிற்பாடு அது கறுப்பின மக்கள் வாழும் பகுதியாயிற்று. வசதி குறைந்தவர்கள். பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை வளாகம் வளர்ந்துகொண்டே வந்தது. வீட்டு வாடகையும், வீடு பறிபோகும் பயமும் கூடவே வளர்ந்தன.

அந்த நேரத்தில் கூகுள் மேப்பில் பார்த்தால், பழத்தோட்டத்தைக் காணோம்! அந்த இடத்தில் 'மெடிக்கல் பார்க்' என்று போட்டிருந்தது. அங்கே குடியிருந்த யாரும் அப்படிச் சொன்னதில்லை. இத்தனை வருஷம் வாழ்ந்த இடம், பக்கத்து ஆஸ்பத்திரியின் கொல்லைப்புறம் என்பதுபோல் ஆகிவிட்டது. வீட்டைக் காலி செய்வதற்கு முன்னால் பெயரைக் காலி செய்கிறார்களோ என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. பத்திரிகையில் விஷயம் வந்து, 2019-ல்தான் பழைய பெயர் திரும்பியது.

பணக்காரப் பேட்டையின் பெயரைத் தப்பாகப் போட்டால் மறுநாளே வக்கீல் நோட்டீஸ் போகும். ஏழைப் பேட்டைக்கு வருஷக்கணக்கு ஆகும். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊரிலும் பார்க்கலாம். சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகர். நகரத்தின் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தியவர்களை 2000-லிருந்து கொண்டுவந்து குடிவைத்த இடம். அந்த அட்ரஸைப் போட்டால் வேலை கிடைப்பதில்லை, கடன் கிடைப்பதில்லை என்று அங்கே இருக்கும் இளைஞர்கள் பல தடவை பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் 'துரைப்பாக்கம்' என்று போட்டுச் சமாளித்தவர்கள் உண்டு. அங்கே மேப்பில் பெயர் சரியாகத்தான் இருந்தது. பார்ப்பவன் கண்ணில்தான் எழுத்துப்பிழை.

அந்தப் பிழையைத் திருத்த ஒரு பெண் வந்தாள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஒருத்தி, கார்த்திகா. சென்னை கார்த்திகா என்று சொல்லவில்லை. கண்ணகி நகர் கார்த்திகா என்றே ஊர் முழுக்கச் சொன்னது. துரைப்பாக்கம் என்று எழுதிச் சமாளித்த பையன்களுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

★

அக்கா வீட்டுக்குத் திரும்புவோம்.

ஐந்தாவது தடவை பையன் உஷாரானான். பெயர்ப்பலகையை போட்டோ எடுத்தான். எதிர்வீட்டு வாத்தியார், மாடிவீட்டு மாமி, அயர்ன் வண்டிக்காரர் என்று தெருவில் பன்னிரண்டு பேரைப் பிடித்து அவரவர் போனிலிருந்து அதே திருத்தத்தை அனுப்பச் சொன்னான். எட்டாம் நாள் மேப்பில் ஔவையார் பிரசன்னமானார். தெருவே கொண்டாடியது. அக்கா கேசரி கிண்டினாள்.

அடுத்த மாதம் ஒரு ராத்திரி, மணி ஒன்றே கால். அத்தானுக்கு நெஞ்சுவலி. வேர்த்துக் கொட்டுகிறது. பையன் ராத்திரி ஷிஃப்டில் இருக்கிறான். அக்கா 108-க்கு போன் போட்டாள். அட்ரஸ் கேட்டார்கள். கேசரி கிண்டிய கை அல்லவா, கம்பீரமாகச் சொன்னாள்: "ஔவையார் தெரு."

பத்து நிமிஷம் ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. வண்டி வரவில்லை. டிரைவர் போன் செய்தார்.

"அம்மா, ஔவையார் தெருவுலதான் நிக்கிறேன். நீங்க சொன்ன நம்பரே இல்லியே?"

இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கு அந்தப் பக்கம், இன்னொரு ஔவையார் தெரு இருக்கிறது. ஊருக்கு ஊர் காந்தி நகர், பேட்டைக்குப் பேட்டை பாரதி தெரு என்றால், ஔவையார் மட்டும் ஒற்றையாக நிற்பாரா என்ன? அக்காவுக்கு அழுகையில் பேச்சு வரவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த டீக்கடைக்காரர் போனைப் பிடுங்கினார்.

"அண்ணே, பழைய சுடுகாட்டு ரோடு! தண்ணி டேங்க் பக்கம்!"

"அட, சுடுகாட்டு ரோடா? அத மொதல்லயே சொல்லக்கூடாதா!"

நாலாவது நிமிஷம் வண்டி வாசலில். ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது அத்தான் படுக்கையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, சுடுகாட்டு ரோடுன்னு சொன்னதாலதான் சுடுகாட்டுக்குப் போகாம திரும்பி வந்தேன்" என்றார்.

பையன் சிரிக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். மறுபடியும் திருத்தமாம்.

"மறுபடி மாத்தப் போறியாடா?"

"மாத்தலை மாமா. சேர்க்கறேன்."

அவன்தான் எனக்கு விளக்கினான். 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்று ஒன்று இருக்கிறது. 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. கணக்கு ஒன்று திறந்தால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதில் ஒரு தெருவுக்கு ஒரே பெயர்தான் என்ற கட்டாயம் கிடையாது. அரசாங்கப் பெயருக்கு ஒரு கட்டம், பழைய பெயருக்கு ஒன்று, ஊர்க்காரர்கள் வாயில் புழங்குவதற்கு ஒன்று, தமிழில் எழுத ஒன்று என்று தனித்தனியாக இடம் உண்டு. பலகையில் ஔவையார் இருக்கட்டும், தேடினால் சுடுகாடும் அகப்படட்டும் என்று இரண்டையும் போட்டுவிட்டான். இத்தனை நாள் நாம் ஒரே கட்டத்துக்காக அல்லவா சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்!

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூக்கம் வரும் அந்த இருபது நிமிஷம் போதும். மேப்பில் உங்கள் தெருவைத் தேடுங்கள். பெயர் சரியா? பக்கத்துக் குடிசைப் பகுதிக்குப் பெயர் போட்டிருக்கிறதா, அல்லது வெறும் சாம்பல் நிறமா? தப்பாக இருந்தால் திருத்துங்கள். வாங்காத ஃப்ளாட்டின் பெயரை ஊர் மேல் ஏற்றாதீர்கள். அப்புறம், வீட்டில் வயசானவர்களிடம் "பழைய பேர் என்ன?" என்று ஒரு தடவை கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்றே காலுக்கு உதவும்.

கல்யாணம் என்னவாயிற்று என்கிறீர்களா? மதுரைப் பெண் ஒன்று அமைந்தது. மறைப்பானேன் என்று பெண்ணிடம் தெருவின் பழைய பெயரை நானே சொல்லிவிட்டேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"அப்ப அங்க வாடகை கம்மியா இருக்குமே மாமா? எங்க அப்பா அம்மாவையும் பக்கத்துலயே கொண்டுவந்துடலாமா?" என்றாள்.

அத்தானுக்கு மறுபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை சிரிப்பில்.

பத்திரிகை அடித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டு விலாசத்தில் 'ஔவையார் தெரு' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் 'பழைய சுடுகாட்டு ரோடு' என்று அச்சாகியிருக்கிறது. அச்சாபீஸ்காரர் மூன்று தடவை போன் செய்து கேட்டாராம், நிஜமாகவே போடவா என்று.